தொண்டை கட்டிய ஆறு நாள்

கீழக்கரை
2.10.2024

அன்பு மகன் அசாருதீனுக்கு உன் உம்மா சலாம் சொல்லி எழுதுவது.

நலம் என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. இருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உன் தங்கச்சி சுஹா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் வாப்பா மவுத்தான செய்தி அந்தப் போனில்தான் வந்தது. அதற்குப் பிறகு அது 'டிங்' என்றாலே எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. அணைத்து, பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். இத்தா முடிகிற வரைக்கும் எடுப்பதாக இல்லை. நாலு மாசமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கப்போகிறவளுக்குப் போன் எதற்கு?

சுஹாவின் போனில் நீ கூப்பிடும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன் என்று உனக்கு வருத்தமாம். கோபமில்லை தங்கம். உன் குரல் அப்படியே உன் வாப்பாவின் குரல். கேட்க முடியவில்லை. எழுத்தில் குரல் இல்லை, அதனால் எழுது. பக்கத்து வீட்டு ஹுமைராவின் மாப்பிள்ளை நாளை மறுநாள் ஷார்ஜா திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கேயிருந்தும் பத்து நாளில் ஒரு ஆள் ஊருக்குக் கிளம்பத்தான் செய்வான். யாரிடமாவது பதில் கொடுத்துவிடு.

ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உன் வாப்பா முகத்தை ஒருமுறை போனில் காட்டியிருக்கலாம். திங்கள்கிழமை விடியக்காலை சுபுஹுக்கு மவுத், மதியம் லுஹருக்கு அடக்கம் என்றாய். அவ்வளவு அவசரம் என்ன? முந்தின நாள்தான் சுஹாவின் கல்யாணம் முடிந்திருக்கிறது. மருதாணி காயாத கையோடு உட்கார்ந்து செய்தி கேட்டேன். ஒரு நிமிஷம் முகம் காட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

உன் சதக் சாச்சா தினமும் சாயங்காலம் அஸருக்குப் பிறகு வந்து கதவுக்கு வெளியே நின்றபடியே சலாம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டுப் போகிறார். உன் வாப்பாவின் தம்பி என்றாலும் இத்தாவில் அவரும் எனக்கு முகம் காட்டக் கூடாதே. குரல் மட்டும் கேட்கிறது. அதுவும் தேய்ந்துபோய்க் கேட்கிறது. அண்ணன் போன துக்கம் அவருக்கும் இருக்கும்.

கடையில் லீவு கிடைக்காமல் நீங்கள் இரண்டு பேரும் வராத கல்யாணத்தன்று காலையில் உன் வாப்பா அனுப்பிய செய்தி மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. "மர்ஜானா, நீ இல்லைன்னா இந்தக் கல்யாணம் இல்ல. ஒத்தையா நின்னு செஞ்சிட்டே." இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்மா" என்பார், நீ பிறந்த பிறகு "அசாரு உம்மா." போகிற நேரத்தில் அவருக்கு அப்படி ஒரு வார்த்தை வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் எழுந்து உட்காருகிறேன்.

உன் உம்மா,
மர்ஜானா

ஷார்ஜா
21.10.2024

உம்மாவுக்கு அசாருதீன் சலாம்.

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை எப்போதும்போல் ஓடுகிறது. வாப்பா பார்த்த பின்பக்கக் கவுண்டரையும் என்னையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். எந்த வண்டிக்கு எந்த பேரிங் என்று வாப்பா நோட்டுப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பார். நான் ஒவ்வொன்றாகத் தேடுகிறேன். வாடிக்கைக்காரர்கள் வந்து "சுஐபு பாய் எங்கே" என்று கேட்கிறார்கள். இன்னும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அறையில் வாப்பாவின் கீழ்க்கட்டிலுக்குப் பெரியபட்டினத்து ஆள் ஒருவர் வந்துவிட்டார். நல்லவர். நான் மேல்கட்டிலில்தான் இருக்கிறேன். காலையில் இறங்கும்போது வாப்பாவை மிதித்துவிடக் கூடாது என்று கால் இன்னும் ஓரமாகத்தான் போகிறது.

முகம் காட்டாதது என் தப்புதான். மன்னியுங்கள்.

போன் பீரோவிலேயே இருக்கட்டும் உம்மா. இத்தா முடிந்தாலும் அந்தப் பழைய செய்திகளை எடுத்துப் படிக்க வேண்டாம். மனசு கெடும்.

அசாருதீன்

கீழக்கரை
24.11.2024

அன்பு மகனுக்கு உம்மாவின் சலாமும் துஆவும்.

உன் எழுத்தைப் படிக்க சுஹாவும் நானும் அரை மணி நேரம் பாடுபட்டோம். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. உன்னைப் படிக்கவைத்த வாத்தியாரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தேன், அந்தப் புண்ணியம் உனக்கு.

இங்கே விடாத மழை. நான் இத்தா இருக்கிற அறையின் வடக்குச் சுவர் ஓதம் ஏறி, நீ சின்னப் பிள்ளையில் கரியால் கிறுக்கிய கப்பல் திரும்பவும் தெரிகிறது. கல்யாணத்துக்கு இரண்டு கை வெள்ளையடித்தேன், வீண். பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், அசந்துபோய்விட்டேன். அழுகைகூட வருவதில்லை. தொழ எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வருகிற பெண்களெல்லாம் "பொறுமையா இருங்க லாத்தா, பொறுமைக்குக் கூலி இருக்கு" என்கிறார்கள். இருக்கும். ஆனால் பொறுமை எங்கிருந்து வரும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எனக்கு வழி ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் உன் வாப்பா சொன்ன அந்த வரியைச் சொல்லிக்கொள்கிறேன். ஒத்தையாய் நின்று ஒரு கல்யாணத்தையே செய்தவளுக்கு, எழுந்து முகம் கழுவுவதா கஷ்டம் என்று கேட்டுக்கொண்டு எழுகிறேன். சில நாள் அது மதியம் வரைக்கும் தாங்கும். சில நாள் முகம் கழுவி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். மறுபடி சொல்லிக்கொள்வேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. சுஹா குளிக்காமல் இருக்கிறாள், இரண்டு மாசம். மாப்பிள்ளை அலியார் கத்தாரில் குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்கிறார். நிக்காஹ் சான்று கேட்டிருக்கிறாராம், ஜமாஅத்தில் சொல்லி வாங்க வேண்டும். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் கப்பலும்தான்.

நீ ஏன் நாலே வரியில் கடிதத்தை முடிக்கிறாய்? அங்கே யாரிடமாவது பேசுகிறாயா? அழுதாயா நீ? அண்ணன் அழுதானா என்று சுஹாவும் அதைத்தான் கேட்கிறாள். "காக்கா போன்ல சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டுட்டு வச்சிருதான்மா" என்கிறாள்.

உம்மா

ஷார்ஜா
15.12.2024

உம்மாவுக்கு சலாம்.

ஆள் இப்போதே கிளம்புகிறார், அதனால் சுருக்கமாக. சுஹாவுக்குப் பேரீச்சம்பழமும் உங்களுக்கு முழங்காலுக்குத் தைலமும் கொடுத்திருக்கிறேன். மாமா ஆகப்போகிறேன் என்று அறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நிக்காஹ் சான்றை நீங்கள் அலைந்து வாங்க வேண்டாம், நீங்கள் பார்த்துச் சரிபார்க்கவும் வேண்டாம். சாச்சா வாங்கி நேராக அலியார் மச்சானுக்கு அனுப்பிவிடுவார். அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அழவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

அசாருதீன்

கீழக்கரை
5.1.2025

அசாருதீனுக்கு.

இரண்டு காரியம் நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன், படித்துவிட்டுப் பதில் சொல்.

வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவி மாஷிதா ஆலிமா என்னைப் பார்க்க வந்தார். வரும் வியாழக்கிழமையோடு இத்தா முடிகிறது, குளித்து துஆச் செய்துகொள்ளுங்கள் என்றார். நான் காலண்டரில் ஒவ்வொரு நாளாகச் சுழித்து வைத்திருக்கிறேன். எனக்கு அதற்கும் அடுத்த புதன்கிழமைதான் வருகிறது. பிறைக் கணக்கில்தானே எண்ணியிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஹஜ்ரத் சொன்னது சரிதான் லாத்தா, வியாழக்கிழமைதான்" என்றார். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு நாள் குறைகிறது. நான்தான் தடுமாறிவிட்டேன் போலும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று சுஹா நிக்காஹ் சான்றை எடுத்து வந்தாள். சாச்சாவுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவளே ஜமாஅத்துக்கு ஆள் விட்டு வாங்கியிருக்கிறாள். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா பார் உம்மா என்று நீட்டினாள். பார்த்தேன். பெண்ணின் வலி என்ற இடத்தில் சுஐபு என்று இருக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வலி உரிமை தகப்பனுக்குத்தானே. அங்கே அசாருதீன், சகோதரர் என்று இருக்கிறது. அவர் சார்பில் வக்கீல் சதக் என்று இருக்கிறது.

தகப்பன் உயிரோடு இருக்கும்போது அண்ணன் வலியாக நிற்க முடியாது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு நாள் எங்கே போனது என்பது எனக்கு அந்தத் தாளிலேயே விளங்கிவிட்டது. சுஹாவிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று சதக் சாச்சா கூட்டாக உண்ணும் சஹன் தட்டில் கை வைக்கவே இல்லை. பித்தம் என்றார். நானும் இஞ்சித் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். நாலு மாசமாக அவர் முகத்தை நான் பார்க்க முடியாமல் போனது உங்களுக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது. பார்த்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

நான் கழுத்து நிறைய நகை போட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு, வந்தவர்களை எல்லாம் சிரித்துச் சிரித்து வரவேற்றேன். அப்போது அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார். தெரியாமல் செய்தது குற்றமில்லை என்று மார்க்கம் சொல்லும். என் மனசு என்ன சொல்லும் என்று யோசித்தாயா நீ?

உன் வாப்பா எந்த நாளில் மவுத்தானார் என்று எழுது. அவர் மவுத்துக்குப் பிறகும் அவர் போனில் இருந்து எனக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது. தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல, எழுதுறேன் என்று வந்தது. கல்யாணத்தன்று காலையிலும் வந்தது. அந்த வரியை எழுதியது யார்? அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு உன்னிடம் சொல்லி எழுதச் சொன்னதா, இல்லையா? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்.

மர்ஜானா

ஷார்ஜா
17.1.2025

உம்மாவுக்கு.

செப்டம்பர் மூன்று, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. கடையில் ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சு இறுக்கிறது என்றார். ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைசியாகச் சொன்னது, "கவுண்டர்ல ஆள் நிக்குது பாரு" என்பதுதான்.

வாப்பாவின் போன் என் சட்டைப் பையில் இருந்தது. வராண்டாவில் நிற்கும்போது நீங்கள் குரலில் அனுப்பினீர்கள். "மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை சஹன் சொல்ல? சமையல் பண்டாரி காத்துட்டு நிக்கிறார், சீக்கிரம் சொல்லுங்க." பின்னால் சுஹா சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் எதையும் திட்டம் போடவில்லை உம்மா. தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல, நூறு சஹன் போதும் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அதற்குமேல் திரும்பி வர எனக்கு வழி தெரியவில்லை.

சாச்சாவுக்குச் சொன்னேன். அவர் அழுதுகொண்டே கல்யாணத்தை நிறுத்துவோம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒருமுறை தள்ளிவைத்த கல்யாணம். மாப்பிள்ளைக்கு லீவு இருபதாம் தேதி வரைக்கும்தான். நீங்கள் இத்தாவில் உட்கார்ந்தால் சுஹா இன்னும் எத்தனை மாசம் காத்திருப்பாள், அந்த வீட்டார் காத்திருப்பார்களா என்று நினைத்தேன். சாச்சா மேல் கோபப்படாதீர்கள். முடிவு என்னுடையது.

ஹஜ்ரத்திடம் மட்டும் மறைக்க முடியவில்லை. வாப்பா இல்லையென்றால் சுஹாவுக்கு வலி நான்தான், நான் சம்மதித்தால்தான் நிக்காஹ் கூடும். கடைக் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, என் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க சாச்சாவை வக்கீலாக்குகிறேன் என்று போனில் சொன்னேன். ஹஜ்ரத் வாப்பாவுக்காக துஆச் செய்தார். பிறகு, "நிக்காஹ் முடிஞ்ச மறுநாள் உம்மாவுக்குச் சொல்லிரணும், அதுக்கு மேல ஒருநாள்கூட நான் தாங்க மாட்டேன்" என்றார். உங்களிடம் மவுத் நாளை மாற்றிச் சொல்லப்போகிறேன் என்பதை மட்டும் அவரிடமும் மறைத்தேன்.

வியாழக்கிழமை அடக்கம். நான்தான் குளிப்பாட்டினேன். தொழுகையில் எங்களோடு பதினோரு பேர் நின்றார்கள். திரும்பி வந்து கைகால் கழுவிவிட்டு, வாழைமரம் வந்துவிட்டதா என்று உங்களுக்கு எழுதினேன்.

என் குரலும் வாப்பா குரலும் ஒன்று என்று எல்லாரும் சொல்வார்கள். குரலிலேயே அனுப்பியிருந்தால் நீங்கள் சந்தேகப்பட்டே இருக்க மாட்டீர்கள். ஒருமுறை பட்டனை அழுத்திப் பேசவும் பார்த்தேன். முடியவில்லை, அழித்துவிட்டேன். அதை மட்டும் செய்யவில்லை.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. உங்கள் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். வாப்பா சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்லச் சொல்லி அறையில் இருப்பவர் யோசனை சொன்னார். சொன்னால் உங்களுக்கு நிம்மதி என்று எனக்கும் தெரிகிறது. நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதம் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அந்த வரியை வைத்துத்தான் எழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

வாப்பா சொல்லவில்லை உம்மா. அது நான் எழுதியது. நீங்கள் தனியாக நின்று எல்லாம் செய்கிறீர்கள், அன்றைக்காவது யாராவது உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களை வாப்பா எப்படிக் கூப்பிடுவார் என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் போனில் உங்கள் நம்பருக்கு மேல் மர்ஜானா என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதினேன்.

அசாருதீன்

கீழக்கரை
3.2.2025

அன்பு மகன் அசாருதீனுக்கு உம்மாவின் சலாம்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அதில் நாலு நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். ஐந்தாம் நாள் அலுத்துவிட்டது.

மன்னித்துவிட்டேன் என்று ஒரே வார்த்தையில் எழுத எனக்கு வரவில்லை, எழுதினால் அது பொய். அந்த ஆறு நாள் என்னுடையது. அவருக்காக அழ வேண்டிய நாட்களில் என்னைப் பண்டாரியோடு பேரம் பேச வைத்தாய். அது எப்போது நினைத்தாலும் சுருக்கென்றுதான் இருக்கும். நீயும் தெரிந்துகொள்.

ஆனால் ஒன்று நடந்தது, போன கடிதத்தில் எழுதவில்லை. அந்தத் தாளை நீட்டிய அன்று சுஹாவும் அதைப் படித்துவிட்டாள். "ஏம்மா, வாப்பா பேரு போடாம காக்கா பேரைப் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.  வாய் தானாகப் பேசியது. "வாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுல்ல, ஹஜ்ரத்துகிட்ட பேச முடியல. அதான் காக்கா சொன்னான்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவளிடம் வேறு என்ன சொல்ல? ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். நீ சொன்ன அதே பொய், அதே தொண்டை.

உன்மேல் கோபமாக இருந்த நாலு நாளும் இதுதான் நடுவில் வந்து நின்றது. நான் சொன்னது ஒரு நொடி. நீ ஆறு நாள் சொல்லியிருக்கிறாய், பிறகு நாலு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய், மேல்கட்டிலில் ஏறி இறங்கிக்கொண்டு. இருபத்தைந்து வயதில் வாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வாழைமரத்தை விசாரித்திருக்கிறாய். அழ நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய், நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன்.

சுஹா பத்தாம் தேதி கத்தார் போகிறாள். பிள்ளை பெற்று வரட்டும். பிறகு நீயும் நானும் சேர்ந்தே அவளிடம் சொல்லுவோம். என்னையும் சேர்த்துத் திட்டட்டும்.

இத்தா முடிந்து சதக் சாச்சாவுக்கு ஆள் விட்டேன். பர்தாவுக்கு அப்பால் வந்து நின்றவர் சலாம் சொன்னதும் அழுதுவிட்டார். "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றேன். அன்றைக்குக் கை வைக்காத சஹனுக்கு ஈடாக நேற்று நெய்ச்சோறு போட்டேன். முழுக்கச் சாப்பிட்டார்.

அந்த வரிக்கு வருகிறேன். உன் வாப்பா சொல்லாதது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. இப்போதும் காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறேன். முதல் இரண்டு நாள் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல் எழுந்தேன். எழ முடிந்தது. மூன்றாம் நாள் அந்த வரியையே சொல்லிப் பார்த்தேன், உன் குரலில். அதுவும் எழுப்பிவிட்டது. நான் ஒத்தையாய் நின்றதை வீட்டில் ஒருத்தனாவது பார்த்திருக்கிறான்.

வாப்பாதான் சொன்னார் என்று நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பத்தான் ஆசையாக இருந்தேன். நீ எழுதவில்லை. அதனால் இனி நீ எனக்குச் சொல்கிற எதையும் நம்பலாம்.

அவர் போனில் என் பெயரை மர்ஜானா என்று போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வாயால் சொல்லாத மனுஷன் அதை அங்கே எழுதி வைத்திருக்கிறார். அது உன் கையால் எழுதியது இல்லையே. அந்தப் போனை யாருக்கும் கொடுத்துவிடாதே, வரும்போது கொண்டு வா.

நேற்று பீரோவில் இருந்து என் போனை எடுத்து சார்ஜ் போட்டேன். நாலு மாசத்துச் செய்தியும் மடமடவென்று விழுந்தது. எதையும் திறக்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இது கையில் கிடைத்ததும் பதில் எழுத வேண்டாம். கூப்பிடு. நான் எழுந்து உள்ளே போக மாட்டேன். நீ அழுதால் அழு, தொண்டை கட்டிக்கொண்டாலும் பரவாயில்லை.

உன் உம்மா,
மர்ஜானா